ஒரு மணிக்கட்டு, இரண்டு பெயர்

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் எக்ஸ்ரே பிரிவுக்கு இன்று ஏஐ வந்து சேர்ந்தது. பெட்டியில் எதுவும் வரவில்லை. கோயமுத்தூரிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, என் நாற்காலியின் உயரத்தை மாற்றி, மத்தியானம் வரைக்கும் தட்டிக்கொண்டிருந்தார். நாற்காலியைப் பழையபடி வைக்காமலே போய்விட்டார்.

நான் எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் அது ஆஸ்பத்திரியில் சேர்த்துவைத்திருக்கும் பழைய படங்களோடு ஒப்பிடுமாம். ஒரே ஆள் வேறு பெயரில் வந்திருந்தாலும், ஒரே பெயரில் வேறு ஆள் வந்திருந்தாலும் திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கட்டம் போடும். எலும்பைப் பார்த்து வயதையும் தோராயமாகச் சொல்லும். இன்சூரன்ஸ் கார்டை ஆள் மாற்றிக் காட்டி ஏமாற்றுகிறார்கள் என்று நிர்வாகத்துக்குக் கவலை. அதற்காகத்தான் வாங்கியிருக்கிறார்கள். எங்கள் உடுமலைக் கிளையிலும் போடப் போகிறார்களாம்.

தயானந்தன் வந்து எட்டிப் பார்த்தார். அவர் எங்கள் ஆஸ்பத்திரியின் பி.ஆர்.ஓ. பொள்ளாச்சியைச் சுற்றியிருக்கும் நார் மில்களிலும் கயிறு கம்பெனிகளிலும் பேசி, அவர்களுடைய தொழிலாளர்களை எங்களிடம் அனுப்பவைப்பது அவர் வேலை.

“இதெல்லாம் கம்பெனிக்காரங்களுக்குப் புடிக்காது வாணி. ஆரஞ்சு கிரஞ்சுன்னு எதாச்சும் வந்தா, மேல போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்லீரு. நானே பேசி சரி பண்ணிக்கறேன்.”

சரி என்றேன். மற்ற எல்லோருக்கும் நான் கோகிலாக்கா. கோகிலவாணியில் பின்பாதியைப் பிடித்துக் கூப்பிடுகிறவர் அவர் ஒருத்தர்தான். சும்மா எழுதிவைக்கிறேன்.

சாயங்காலமே முதல் ஆரஞ்சு வந்துவிட்டது. முட்டிவலி என்று வந்த ஒரு பெரியவர். போன மாதம் வேறு பெயரில் வந்தவரும் இவரும் ஒருவரே என்றது ஏஐ. நான் அவரைக் கொஞ்சம் கடுமையாகவே விசாரித்துவிட்டேன். “அது என்ற தம்பிங்க. ரெண்டு பேரும் ஒரே நாள்ல பொறந்தமுங்க” என்றார் அவர். இரட்டையர். கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். ஒரே நாளில் எனக்குச் சந்தேகப்படக் கற்றுக்கொடுத்துவிட்டது இந்த ஏஐ.

மழை. தயா காரில் கொண்டுவந்து விட்டார்.

ஜூன் 5, வியாழன்

ஜெனரேட்டர் பழுது. பாதி நாள் வேலை இல்லை. அம்மாவுக்குச் செருப்பு வாங்கினேன், அளவு பெரிதாகிவிட்டது.

ஜூன் 9, திங்கள்

காலையில் தயாவின் காரில் வந்து இறங்கும்போதே கேட்டுக்குப் பக்கத்தில் கம்பெனி ஜீப் ஒன்று நின்றிருந்தது. அதில் வந்த பெண்தான் இன்று எனக்கு முதல் ஆள்.

இடது கையின் மோதிர விரல், கயிறு திரிக்கும் மெஷினில் மாட்டி நசுங்கியிருந்தது. துணி சுற்றி, துணிக்கு மேலே பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டியிருந்தார்கள். பதிவுச் சீட்டில் கலைச்செல்வி, வயது 24 என்று இருந்தது. கூட வந்தவள் தன் பெயர் பாக்கியம் என்றாள். கம்பெனி ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்கிறவளாம். கழுத்தில் கனமான சங்கிலி, கையில் இரண்டு போன்.

“பேரென்ன சாமி?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

“கலைச்செல்விங்க” என்றாள் பாக்கியம்.

“எப்படி மாட்டுச்சு?”

“பராக்குப் பாத்துட்டு நின்னாளுங்க.” அதற்கும் பாக்கியம்தான்.

படம் எடுக்கும்போது கூட வந்தவர்கள் வெளியே நிற்க வேண்டும். அவள் நகரவில்லை. “நானும் இங்கயே நின்னுக்கறனுங்க. புள்ள பயந்துக்குவா.”

“கதிர் படுமுங்க. ஆகாது.”

“எனக்கு அம்பது வயசாச்சு. இனி என்னுங்க ஆகப்போவுது?”

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே நின்றேன். வேறு வழியில்லாமல் போனாள்.

அந்தப் பெண் கையைத் தட்டின் மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். வலியில் இருப்பவர்கள் என்னைப் பார்ப்பதே இல்லை, விளக்கைத்தான் பார்ப்பார்கள். இவள் என்னையே பார்த்தாள், முன்பே தெரிந்தவளைப் பார்ப்பதுபோல. தெரிந்து, பிடிக்காமல் போனவளைப் பார்ப்பதுபோல. நான் கேட்ட எதற்கும் பதில் சொல்லவில்லை.

அவர்கள் போனபிறகு ஆரஞ்சுக் கட்டம் வந்தது. பிப்ரவரியில் மணிக்கட்டு வீக்கம் என்று வந்த சுகன்யாவும், வயது 22, இவளும் ஒரே ஆள் என்றது. அந்தப் படத்தை எடுத்ததும் நான்தான், முகம் நினைவில்லை. இன்றைய படத்திலும் விரலோடு மணிக்கட்டு விழுந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மணிக்கட்டில் இருக்கும் சின்னச் சின்ன எலும்புகளின் வடிவமும் அடுக்கும் ஆளுக்கு ஆள் மாறும். இவை மாறவில்லை. கட்டத்துக்குக் கீழே இன்னொரு வரி: வயது தோராயமாக 14.

எலும்பின் நுனியில் வளர்ச்சிக் கோடு இன்னும் மூடாமல் தெளிவாகத் தெரிந்தது. பிப்ரவரியிலும் தெரிந்திருக்கும். சீட்டில் 22 என்று இருந்ததால் நான் பார்க்கவில்லை.

திரும்பும்போது காரில் தயாவிடம் சொன்னேன்.

“பதினாலுன்னா சொல்லுச்சு?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். “மலைப்பக்கம் இருக்கறவங்க சாப்பாடு சரியில்லாம எலும்பு அப்படித்தான் இருக்கும். கார்டு மாத்திக் குடுத்திருப்பாங்க. நீ உட்டுரு, நான் பாத்துக்கறேன்.”

அவர் சொன்னதும் எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று பட்டது.

ஜூன் 10, செவ்வாய்

டாக்டர் நஸ்ரின் கூப்பிட்டார். இந்த வருடம்தான் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தார். நாங்கள் எடுக்கும் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவர். அதிகம் பேசமாட்டார். அறைக்கதவைச் சாத்தச் சொன்னார்.

“பதினாலு வயசுப் பொண்ணு, ரெண்டு பேர்ல, ரெண்டு தடவ வந்திருக்கா. அவ ஏதாவது பேசினாளா?”

“இல்ல டாக்டர். கூட வந்தவதான் எல்லாத்துக்கும் பதில் சொன்னா.”

“இது இன்சூரன்ஸ் விஷயம் மட்டும்னு எனக்குத் தோணல. யார்கிட்டயும் பேசாதீங்க. ஏற்கெனவே யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

இல்லை என்றேன். தயா வெளியாள் இல்லையே.

அம்மாவுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. ஒளித்துவைத்து பேரீச்சம்பழம் சாப்பிடுகிறாள்.

ஜூன் 12, வியாழன்

இன்று கட்டு மாற்ற அந்தப் பெண் வந்திருக்க வேண்டும். பாக்கியம் மட்டும் வந்தாள். “அவளுக்குக் காய்ச்சலுங்க, மருந்து மட்டும் குடுங்க” என்றாள். மருந்தை வாங்கியவள் நேராக என் அறைக்கு வந்து, பையிலிருந்து ஒரு பள்ளிக்கூடச் சான்றிதழின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“எதுக்குங்க இது?”

“புள்ளைக்கு வயசு கம்மின்னு யாரோ சொன்னாங்களாமே. பாத்துக்கங்க. எல்லாம் சரியாத்தான் இருக்குது.”

நாங்கள் கேட்கவே இல்லை. வயதைப் பற்றி ஆஸ்பத்திரியில் யாரும் அவளிடம் வாய் திறக்கவில்லை. டாக்டர் நஸ்ரினுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

அப்படியென்றால் டாக்டர்தான். நேற்று மாடிப்படிக்குக் கீழே நின்று போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். “அந்தப் பொண்ணு” என்று இரண்டு முறை சொன்னது என் காதில் விழுந்தது. என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார். யாரிடமும் சொல்லாதே என்று எனக்குச் சொல்லிவிட்டு அவர் யாரிடம் பேசுகிறார்?

தயாவிடம் சொன்னேன். “வெளியூர்க்காரங்க. அந்தம்மா மேல ஒரு கண்ணு வெச்சுக்கோ” என்றார்.

வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

தயாவும் அவர் அம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். பெண் பார்க்க என்று சொன்னால் சிரிப்பார்கள், எனக்கு முப்பத்தெட்டு. காபி குடித்தார்கள், பேசினார்கள், அவ்வளவுதான். அவர் அம்மாவுக்கு எங்கள் வீட்டுப் பூந்தொட்டிகள் பிடித்திருந்தன. ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று என் அம்மாவிடம் சொன்னாராம். நான் அப்போது சமையலறையில் இருந்தேன்.

தயா அம்மாவுக்கு ஒரு பாட்டில் தேன் கொண்டுவந்திருந்தார். சர்க்கரைக்காரிக்குத் தேன்! ஆனாலும் அம்மா விடவில்லை, வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

நடுவில் அவருக்கு ஒரு போன் வந்து வாசலுக்குப் போனார். டம்ளரை எடுக்கப் போன என் காதில் விழுந்தது: “ரெண்டு பேரும் அக்கா தங்கச்சின்னா வேண்டாம். ஒரே எடத்துல வெச்சா பேச்சு நிக்காது.” யாரைப் பற்றி என்று கேட்டேன். நர்சிங் படிக்கும் பெண்களுக்கு விடுதி பார்த்துக்கொடுக்கிறாராம். அவருக்கு இரக்க சுபாவம்.

அரக்குப் புடவைதான் கட்டினேன். நீலம் வயதைக் காட்டுகிறது.

ஜூன் 18, புதன்

டாக்டர் நஸ்ரின் மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை நானும் தயாராகத்தான் போனேன். பாக்கியம் கொண்டுவந்த சான்றிதழைப் பற்றி இவர் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று.

அவர் திரையைத் திருப்பி ஒரு நெஞ்சுப் படத்தைக் காட்டினார். உடுமலைக் கிளையில் எடுத்தது. அங்கே இருக்கும் பழைய படங்களையும் இந்த வாரம்தான் ஏஐயில் இணைத்திருக்கிறார்கள். இணைத்த உடனே ஆரஞ்சு. இருமல் என்று வந்த பெண்ணாம். பெயர் கலைச்செல்வி, வயது 24. அதே கார்டு நம்பர்.

“ஆனா இது நம்ம பொண்ணு இல்ல” என்றார் டாக்டர். “உடம்பு வேற. தோள் எலும்போட நுனியப் பாருங்க, இன்னும் சேரல. இவளுக்குப் பதினேழு இருக்கலாம். ஒரே கார்டு, ரெண்டு சின்னப் பொண்ணுங்க. கார்டுக்குச் சொந்தக்காரி எங்கயோ இருக்கா. இந்தப் பசங்கள வேலைக்கு வெச்சிருக்கறது வெளிய தெரியக் கூடாதுன்னு அவ பேர்ல கொண்டுவராங்க.”

“நீங்க யார்கிட்ட இதெல்லாம் போன்ல பேசறீங்க டாக்டர்?” நான் கேட்டே விட்டேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். “மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர்கிட்ட. ஏன்?”

சான்றிதழைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“அன்னைக்கு இந்த ரூமுக்குள்ள நம்ம ரெண்டு பேர்தான் இருந்தோம் கோகிலா. நான் சொல்லல. உங்களத்தான் சந்தேகப்படணும் நான்.”

“எனக்கும் உங்க மேலதான் சந்தேகம்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அவர் திரையை அணைத்தார். “ஒருத்திய மீட்டா இன்னொருத்திய ஒளிச்சுருவாங்க. அதனாலதான் அந்த அலுவலர் காத்திருக்காங்க. ரெண்டு எடத்துலயும் ஒரே நேரத்துல போகணும். அதுவரைக்கும் ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா அந்தப் பொண்ணுங்க கதி என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.”

அவர் நடிக்கிறாரா என்று இன்னும் தெரியவில்லை. கம்ப்யூட்டர் பிரிவுப் பையன்களாகவும் இருக்கலாம். ஏஐ காட்டுவதை அவர்களும் பார்க்க முடியும். அதில் ஒருவன் சமீபத்தில் புது பைக் வாங்கியிருக்கிறான்.

ஜூன் 20, வெள்ளி

அந்தப் பெண்ணைக் கூட்டிவந்தார்கள். விரலில் சீழ் வைத்துவிட்டது. எலும்புவரை போயிருக்கிறதா என்று பார்க்கப் படம் எடுக்கச் சொன்னார் சர்ஜன்.

பாக்கியத்தை வெளியே நிறுத்தினேன். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும்போது யாரும் உள்ளே வரக்கூடாது என்பது சட்டம். படத்தை எடுத்து முடித்தும் விளக்கை அணைக்கவில்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “உன்ற நெஜப் பேரு என்ன கண்ணு? இங்க பேசினா வெளிய கேக்காது.”

அவள் கட்டுப் போட்ட கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

“பயப்படாத. உனக்கு நல்லது பண்ணத்தான் கேக்கறேன்.”

“நீங்க அவரு ஆளுதான” என்றாள். முதல்முறையாக அவள் குரலைக் கேட்டேன். சின்னக் குழந்தையின் குரல்.

“யாரு ஆளு?”

“வெள்ளக் கார்ல வந்து எறங்கனீங்க. அன்னிக்கு ஜீப்புக்குள்ள இருந்து பாத்தேன். அவரு உங்க பைய எடுத்துக் குடுத்தாரு.”

என் பை மேசைக்கு அடியில் இருந்தது. அதைக் காலால் உள்ளே தள்ளினேன்.

“அவருதான் எங்க ஊருக்கு வந்தாரு. கல்வராயன் மலைக்கு. டவுனு ஆஸ்பத்திரில வேல, நர்சுக்குப் படிக்க வெக்கிறேன்னு எங்கப்பாகிட்ட சொன்னாரு. என்னியும் அக்காவயும் அந்தக் கார்லதான் கூட்டியாந்தாரு. கண்ணாடில ஒரு பச்சக் கிளி தொங்கும்.”

அந்தக் கிளியை எனக்குத் தெரியும்.

“அக்கா இப்ப எங்க?”

“வேற மில்லுல. நான் எதாச்சும் பேசினா அக்காவ பாக்கவே முடியாதுன்னு அந்தம்மா சொல்லிருக்குது. போனும் இல்ல. கேட்டு எப்பவும் பூட்டிதான் இருக்கும்.”

“அக்கா பேரு?”

“அஞ்சலை.”

“உன் பேரு?”

கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, “பவுனு” என்றாள். சொன்ன கையோடு சுவரோரம் ஒதுங்கிக்கொண்டாள். “சொல்லிட்டேன். இனி நீங்க அவர்கிட்ட சொல்லுவீங்க.”

“சொல்ல மாட்டேன் பவுனு.”

அவள் நம்பவில்லை. பாக்கியம் கதவைத் தட்டினாள். விளக்கை அணைத்தேன்.

வீட்டுக்கு வந்து மாவு அரைத்தேன். கிரைண்டரில் ஈரம் இறங்கி ஷாக் அடிக்கிறது, எலக்ட்ரீஷியனுக்குச் சொல்ல வேண்டும். தயா இரண்டு முறை போன் செய்தார். கை ஈரமாக இருந்ததால் எடுக்கவில்லை.

ஜூன் 21, சனி

லீவு. தலைவலி.

ஜூன் 22, ஞாயிறு

பயந்துபோன பெண். விரலில் சீழ், காய்ச்சல் வேறு. இந்த ஊரில் எத்தனையோ வெள்ளைக் கார்கள் ஓடுகின்றன. கிளி பொம்மையும் கோயில் கடையில் கொத்துக்கொத்தாகத் தொங்குகிறது. பாக்கியமே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம், எங்களுக்குள் சண்டை மூட்ட.

காலையில் தயா வந்தார். தலைவலி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போக. பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். “கல்வராயன் மலை எப்படி இருக்குமுங்க? ஒரு தடவ போய்ட்டு வரலாமா?”

“நான் அந்தப் பக்கம் போனதே இல்ல வாணி. ஏன் திடீர்னு?”

“டிவியில காட்டினாங்க.”

அவர் போனபிறகு அம்மா அலமாரியிலிருந்து தேன் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு ஸ்பூன் மட்டும் என்று கெஞ்சினாள். கூடாது என்றேன்.

“நல்ல தேன் கண்ணு. கடைத்தேன் இல்ல. மாப்பிள்ளை கல்வராயன் மலையில வாங்கினாராம். மாசம் ஒருக்கா அங்க போறாராமா. உன்கிட்ட சொல்லலியா?”

ஒரு ஸ்பூன் கொடுத்தேன்.

ஜூன் 23, திங்கள்

டாக்டர் நஸ்ரினிடம் பேசினேன். பவுனு சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை, தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். பிறகு அந்த அலுவலருக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். எல்லாவற்றையும் இன்னொரு முறை சொன்னேன். இரண்டாவது முறை குரல் நடுங்கவில்லை.

மாலையில் தயாவின் காரில்தான் திரும்பினேன். ஏஐக்கு வெள்ளோட்டக் காலம் முடிந்துவிட்டது, செலவு கட்டுப்படியாகவில்லை என்று நிர்வாகம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது என்று சொன்னேன்.

“அப்பாடா” என்றார். “தேவையில்லாத தலைவலி.”

“அந்தக் கயிறு கம்பெனிப் பொண்ணுக்கு வெரல் மோசமா இருக்குது. வியாழக்கெழம இன்னொரு படம் எடுக்கோணுமுன்னு சர்ஜன் சொன்னாரு. வரலேன்னா கையே போயிரும், அப்புறம் போலீஸ் கேஸாயிருமாம்.”

“வியாழக்கெழமதான? காலையில அனுப்பச் சொல்றேன்.”

அனுப்பச் சொல்கிறாராம். கடைவீதியில் காரை நிறுத்தி எனக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொடுத்தார். வைத்துக்கொண்டேன். கிளி ஆடிக்கொண்டே இருந்தது.

ஜூன் 25, புதன்

ஏஐ இன்று ஒரு ஆரஞ்சும் போடவில்லை. ஒழுங்காகத்தான் ஓடுகிறது. எலக்ட்ரீஷியன் வரவில்லை.

ஜூன் 26, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ஜீப் வந்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பவுனு இறங்கும்போது தடுமாறினாள், பாக்கியம் பிடித்துக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்கு அது அன்பாகத்தான் தெரியும்.

எக்ஸ்ரே ரூமுக்குப் பின்னால், டாக்டர் ரிப்போர்ட் எழுதும் அறையில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் உட்கார்ந்திருந்தார். பருத்திப் புடவை, கண்ணாடி, ஒரு வங்கி ஊழியர் மாதிரி இருந்தார். வராந்தாவில் சுடிதார் போட்ட இரண்டு பெண் போலீஸ், நோயாளிகளோடு நோயாளியாக. உடுமலையில் இன்னொரு குழு, அந்த நெஞ்சுப் படத்துப் பெண்ணை அனுப்பிய மில்லின் கேட்டுக்கு எதிரே காத்திருந்தது.

பவுனு உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி சிவப்பு விளக்கைப் போட்டேன். பின்கதவைத் திறந்தேன். அலுவலர் வந்து அவளுக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து, தான் யார் என்று சொன்னார். இனி அங்கே போக வேண்டாம் என்றார்.

பவுனு அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். “அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“அக்கா?”

“அக்காவக் கூட்டிவரத்தான் ஆளு போயிருக்குது.”

“அக்கா வராம நான் வர மாட்டேன்.” எக்ஸ்ரே மேசையின் இரும்புக் காலை நல்ல கையால் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அலுவலர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் விடவில்லை.

வெளியே பாக்கியத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கதவைத் தட்டினாள், இடித்தாள். “ஒரு வெரலுக்கு எத்தன படம் எடுப்பீங்க?” என்று கத்தினாள். போனை எடுத்ததும் பெண் போலீஸ் ஒருத்தர் அதைப் பிடுங்கிக்கொண்டார். வராந்தாவே திரண்டுவிட்டது. அந்தச் சத்தத்துக்குத்தான் தயா வந்தார்.

கதவின் கண்ணாடிச் சதுரத்தில் அவர் முகம் தெரிந்தது. அவருக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்திருக்க வேண்டும். கோபமே இல்லை அந்த முகத்தில். வாய் அசைந்தது. “வாணி, நீயா?” என்று கேட்டார் என்று நினைக்கிறேன். கதவு தடிமனானது, ஈயத் தகடு வைத்தது. கத்தினால்தான் கேட்கும். பிறகு அவர் பையிலிருந்து போனை எடுக்கப் போனார். சிவப்பு விளக்கைப் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

“அவரையும் புடிங்க. அவருதான் கூட்டிட்டு வந்தவரு” என்று சொன்னேன். என் குரல் எல்லோருக்கும் கேட்டது.

அவர் ஓடவில்லை. ஓடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “இவளுக்கும் எனக்கும் சண்டைங்க. அதான் பழி போடறா” என்று போலீஸிடம் மரியாதையாக விளக்கினார். இரண்டு நர்சுகள் அவர் சொன்னதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவரை அவர்களுக்குப் பல வருடங்களாகத் தெரியும்.

உடுமலையிலிருந்து நல்ல தகவல் இல்லை. ஹாஸ்டல் முழுக்கப் பார்த்தும் அப்படி ஒரு பெண் இல்லை என்று முதலில் சொன்னார்கள். அலுவலரின் முகம் வாடியது. டாக்டர் நஸ்ரின் அவரிடமிருந்து போனை வாங்கி, “அவளுக்கு இருமல் இருக்கு. நெஞ்சுல சளி நிறைய. சத்தம் போடாம எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க” என்றார். எங்கள் பக்கமும் யாரும் பேசவில்லை. பவுனு தரையில் உட்கார்ந்தபடி அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நார்க்கட்டுகள் அடுக்கிய குடோனுக்குப் பின்னாலிருந்து இருமல் வந்ததாம். அங்கே தடுப்பு வைத்து உள்ளே ஏழு பெண்களை உட்காரவைத்திருந்தார்கள்.

வீடியோவில் ஒரு மெலிந்த முகம் தெரிந்தது. நார்த்தூசி அப்பிய தலை. பவுனு போனைக் கையில் வாங்கினாள். அழுவாள் என்று நினைத்தேன்.

“கை என்னாச்சுடி?” என்றாள் அங்கேயிருந்து அஞ்சலை.

“ஒண்ணுமில்ல. நீ சாப்டியா?” என்றாள் பவுனு.

அதன் பிறகுதான் மேசைக்காலை விட்டாள்.

வீட்டில் அம்மா, “மாப்பிள்ளை ஏன் இன்னைக்கு வரலை?” என்று கேட்டாள். சொன்னேன்.  அம்மா தேன் பாட்டிலை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

ஜூன் 28, சனி

பவுனுவின் விரல் நுனியை எடுத்துவிட்டார்கள். விரல் இருக்கிறது. அக்காவும் தங்கையும் கோயமுத்தூரில் ஒரு இல்லத்தில் ஒரே அறையில் இருக்கிறார்கள். அப்பா மலையிலிருந்து கிளம்பிவிட்டாராம். அஞ்சலைக்குக் காசநோய் இருக்குமோ என்று சோதனை செய்கிறார்கள். கலைச்செல்வி யார் என்றும் தெரிந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்பே வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டவள். கார்டைத் திருப்பிக் கொடுத்ததோடு சரி, அவளுக்கு எதுவும் தெரியாது.

கேன்டீனில் நான் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கிறது. தயா சொன்ன சண்டைக் கதையைப் பாதிப் பேர் இன்னும் நம்புகிறார்கள். டாக்டர் நஸ்ரின் மட்டும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அதிகம் பேசவில்லை.

ஜூலை 2, புதன்

போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம். இன்ஸ்பெக்டர் ஒரு பெண், என்னைவிட வயதில் சின்னவர். ஏஐ என்ன காட்டியது, எப்போது காட்டியது, வயது எப்படித் தெரிந்தது என்று பொறுமையாகக் கேட்டு எழுதினார். அதெல்லாம் எளிதாகச் சொன்னேன்.

“தயானந்தனுக்கும் உங்களுக்கும் என்ன பழக்கம்?”

“ஒரே எடத்துல வேல பாத்தோம்.”

அவர் எழுதவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். 

“ஆவணியில கல்யாணம் பண்ணிக்கறதா இருந்தோம்” என்றேன். இதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டில்கூட அந்த வார்த்தையை எழுதவில்லை.

அதை எழுதிக்கொண்டார்.

“பொண்ணுக்கு வயசு பதினாலுன்னு அவருக்குச் சொன்னது யாரு?”

“நான்தான்.”

அதையும் எழுதிக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தார். அதட்டுகிற குரல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டார்.

“அந்தப் பொண்ணு உங்ககிட்ட சொல்றதுக்கு முன்னாடி, உங்களுக்குச் சந்தேகமே வரலையா?”

“வந்துச்சுங்க மேடம்” என்றேன். “மத்த எல்லார் மேலயும் வந்துச்சு.”